வீழ்ந்தோர்க்குக் கைகொடுத்தவர்

வேதியியல் தேர்வில் எத்தில் ஆல்கஹாலின் வாய்பாட்டை ஒரே வரியில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஆனால், அது ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன செய்யும் என்பதை எழுத ஏடு போதாது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அறிவுரைக்கு என்றுமே பஞ்சமில்லை. அறிவுரையால் மீளாதவர்களும் மீள வழியுண்டு என்று வாழ்ந்து காட்டிய ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் மருத்துவர் அல்லர், துறவியும் அல்லர், தாமே குடியில் மூழ்கி எழுந்தவர். அவர்தாம் பில் வில்சன்.

இளமையும் வீழ்ச்சியும்

1895 நவம்பர் 26 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் ஈஸ்ட் டார்செட் என்னும் சிற்றூரில் பில் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிடவே, தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் அவரை வளர்த்தனர். முதல் உலகப் போரின்போது படையில் அதிகாரியானார். பிறரோடு பழகக் கூசிய அந்த இளைஞர் 1917இல் ஒரு விருந்தில் முதன்முதலாக மது அருந்தினார். கூச்சம் பறந்தது, கூடவே நிம்மதியும் பறக்கப் போவதை அவர் அன்று அறியவில்லை. 1918 ஜனவரி 24 அன்று லோயிஸ் என்னும் நங்கையை மணந்தார்.

போர் முடிந்தபின் நியூயார்க் பங்குச் சந்தையில் பொருளீட்டினார். செல்வம் வளர்ந்தது, குடியும் வளர்ந்தது. 1929இல் சந்தை சரிந்தது. செல்வம் போயிற்று, குடி போகவில்லை. லோயிஸ் பெரிய கடையொன்றில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் பில் பலமுறை சேர்க்கப்பட்டார். அங்கிருந்த டாக்டர் சில்க்வொர்த், குடி என்பது வெறும் ஒழுக்கக்கேடு அன்று, அது ஒரு நோய் என்று கருதியவர். நோய் என்று தெரிந்தும் பில்லால் குடியை நிறுத்த இயலவில்லை.

திருப்பம்

1934 நவம்பரில் எபி தாச்சர் என்னும் பழைய குடித்தோழர் வீடு தேடி வந்தார். பில் நீட்டிய மதுவை அவர் மறுத்தார். ஆக்ஸ்போர்டு குழு என்னும் சமயக் குழுவில் சேர்ந்து, தாம் குடியை விட்டதைக் கூறினார். தம்மைப் போலவே வீழ்ந்து கிடந்தவர் எழுந்து நிற்பதைக் கண்டதும் பில்லின் உள்ளம் அசைந்தது. டிசம்பரில் மீண்டும் மருத்துவமனை சென்றார். அதன்பின் தம் வாழ்நாளில் அவர் மதுவைத் தொடவே இல்லை.

பிற குடிகாரர்களையும் மீட்கப் புறப்பட்டார். ஏறக்குறைய ஆறு மாதம் அலைந்தும் ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால், அந்த ஆறு மாதமும் அவர் குடிக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டியவர் லோயிஸ். உபதேசத்தை விட்டுவிட்டு, நோயின் கொடுமையை முதலில் சொல்லுமாறு சில்க்வொர்த் அறிவுறுத்தினார்.

ஆக்ரன் நகரில் ஒரு மாலை

1935 மே மாதம் தொழில் நிமித்தம் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குச் சென்றார். முயற்சி தோற்றது. கையில் பணமில்லை. விடுதிக் கூடத்தின் ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபுறம் தொலைபேசி. பில் தொலைபேசியை நாடினார். ஒரு பாதிரியாரை அழைத்து, தாம் பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். பிறரைக் காப்பதற்காக மட்டுமன்று, தம்மைக் காத்துக்கொள்ளவே கேட்டார்!

அதன் பயனாக மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம் மட்டும் பேசுவதாக வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். காரணம், பில் அறிவுரை கூறவில்லை. தம் கதையைக் கூறினார். இடையில் ஒருமுறை சறுக்கிய டாக்டர் பாப், ஜூன் 10க்குப் பின் குடிக்கவில்லை. அந்த நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கத்தின் பிறந்த நாளாயிற்று. பெயர் வெளியிடாத குடிநோயாளர்கள் என்பது அதன் பொருள்.

இயக்கத்தின் முறை

கூட்டத்தில் ஒருவர் தம் முதற்பெயரை மட்டும் சொல்கிறார், தாம் குடிநோயாளி என்று ஒப்புக்கொள்கிறார், பட்டதைப் பேசுகிறார். மற்றவர்கள் கேட்கிறார்கள். கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடை ஏற்பதும் இல்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. வாழ்நாள் முழுதும் என்று மலைக்காமல், இன்று ஒரு நாள் குடிக்காதிருப்பதே குறிக்கோள்.

1939இல் இயக்கத்தின் நூல் வெளிவந்தது. அதன் பன்னிரண்டு படிகளை எழுதியவர் பில். 1941இல் ஓர் இதழில் கட்டுரை வந்தபின், சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டு முடிவதற்குள் 8,000 ஆயிற்று. குடிநோயாளர் குடும்பங்களும் துயருறுவதை உணர்ந்த லோயிஸ், 1951இல் அவர்களுக்காக அல்-அனான் அமைப்பை நிறுவத் துணைநின்றார். யேல் பல்கலைக்கழகம் தரவிருந்த கௌரவப் பட்டத்தையும், பெயர் வெளியிடாக் கொள்கையை முன்னிட்டு பில் ஏற்கவில்லை.

அவர் குறையற்றவர் அல்லர். மதுவை வென்றவரைப் புகைப்பழக்கம் வென்றது. நுரையீரல் கெட்டு, 1971 ஜனவரி 24 அன்று, தம் திருமண நாளிலேயே மறைந்தார்.

நாம் செய்யக்கூடியது

தோழர்களே! வாரக் கூலி வீடு வந்து சேருமா என்று தாய்மார் வாசலில் காத்திருக்கும் தெருக்களிலிருந்து நம்மில் பலர் இக்கல்லூரிக்கு வந்திருக்கிறோம். குடிப்பவரை ஏசியும் பார்த்தோம், அழுதும் பார்த்தோம். இவ்வியக்கத்தின் கூட்டங்கள் நம் தமிழ்நாட்டிலும் தமிழிலேயே நடைபெறுகின்றன. கூட்டம் நடக்கும் இடத்தைக் கேட்டறிந்து சொல்வதும், முதல் நாள் வாசல்வரை உடன் செல்வதும் படித்த பிள்ளைகளால் இயலாதவை அல்ல. உள்ளே அவரைப் புரிந்துகொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். ஆக்ரன் நகரில் ஒருவர் தொலைபேசியை எடுத்ததால் அந்தக் கதவு திறந்தது.