பிலாட்டீஸ்ங்கறது ஒரு மனுஷனோட பேரு

ரீல்ஸ்ல நீங்க இதைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. கட்டில் மாதிரி ஒரு மெஷின், அதுல முன்னும் பின்னும் வழுக்கிட்டுப் போற ஒரு பலகை, அடியில ஸ்பிரிங், கையில பிடிக்கக் கயிறு. யாராவது ஒரு நடிகை அதுல படுத்துக்கிட்டு காலை நீட்டி மடக்குவாங்க. அதுதான் ரிஃபார்மர் பிலாட்டீஸ். போன செமஸ்டர் வரைக்கும் நானும் அதைப் பணக்காரங்க விளையாட்டுன்னுதான் நினைச்சேன். பிலாட்டீஸ்னு ஒரு ஆள் இருந்தார்னே தெரியாது.

தெரிய வெச்சது எங்க அம்மாச்சி. எங்களுக்கு போடிநாயக்கனூர். அம்மாச்சி இருபது வருஷத்துக்கு மேல தினமும் விடியக்காலையில ஜீப்ல ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவங்க. ஏலக்காய் மரத்து உச்சியில காய்க்காது. செடியோட தூர்ல, தரையை ஒட்டித்தான் காய்க்கும். நாள் முழுக்க குனிஞ்சேதான் எடுக்கணும். இப்ப அவங்களுக்கு இடுப்பு வலி. லீவுக்குப் போனப்ப மேல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பதினேழு கொண்டை ஊசி வளைவும் தாண்டி இறங்கினதும், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு திண்ணையில உட்கார்ந்துட்டாங்க. பொழுது போகட்டும்னு அந்த ரீல்ஸைக் காட்டினேன். பார்த்துட்டு, இது என்னடா ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்குன்னு கேட்டாங்க.

அதைத் தேடப் போய்த்தான் ஜோசப் பிலாட்டீஸ் கிடைச்சார். அவர் கதை தெரிஞ்சா, இந்த மெஷினைப் பத்தி நாம நம்புற பாதி விஷயம் தானா உடைஞ்சிடும். கேளுங்க.

அவர் பிறந்தது 1883 டிசம்பர் 9, ஜெர்மனியில மோன்சென்கிளாட்பாக் ஊர்ல. சின்ன வயசுல ஆஸ்துமா, எலும்பை வலுவிழக்க வைக்கிற ரிக்கெட்ஸ்னு நோஞ்சான் பிள்ளையா இருந்தார்னு சொல்வாங்க. அந்த உடம்பைத் தேத்தத்தான் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டைன்னு ஒவ்வொண்ணா கத்துக்கிட்டார். முதல் உலகப் போருக்கு முன்னாடி இங்கிலாந்து போனார். குத்துச்சண்டை, சர்க்கஸ்னு பிழைப்பு ஓடுச்சு. இது பொம்பளைங்க பயிற்சின்னு சொல்ற பசங்க இதைக் கவனிக்கணும். ஆரம்பிச்சவர் ஒரு பாக்ஸர்.

1914ல போர் வந்துச்சு. இங்கிலாந்துல இருந்த ஜெர்மன்காரங்களை எதிரி நாட்டவர்னு பிடிச்சு அடைச்சாங்க. பிலாட்டீஸும் உள்ள போனார். முதல்ல லங்காஸ்டர், அப்புறம் மான் தீவுல இருந்த நாக்கலோ முகாம். அங்க 20,000 பேருக்கு மேல முள்வேலிக்குள்ள வருஷக்கணக்கா இருந்தாங்க. வேலையும் இல்ல, எப்ப விடுவாங்கன்னும் தெரியாது. அப்படி அடைஞ்சு கிடந்தவங்களுக்கு வர்ற மனச்சோர்வுக்கு அந்தக் கால டாக்டர்கள் முள்வேலி நோய்னே பேர் வெச்சாங்க. அந்த இடத்துலதான் பிலாட்டீஸ் தன் பயிற்சிகளை ஒழுங்குபடுத்தினார், கூட இருந்தவங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். தரையும் உடம்பும் மட்டும் போதும்ங்கற பயிற்சிகள்.

படுக்கையில கிடந்த நோயாளிகளுக்காகக் கட்டில்ல ஸ்பிரிங்கை மாட்டி, படுத்தபடியே கை காலை அசைக்க வெச்சார், அதுதான் பின்னாடி ரிஃபார்மர் ஆச்சுன்னு ஒரு கதை எல்லா ஸ்டுடியோவுலயும் சொல்வாங்க. அம்மாச்சி வாயில வந்த ஆஸ்பத்திரிக் கட்டில் சும்மா வரல பாருங்க!

போர் முடிஞ்சு ஜெர்மனி திரும்பினவர், 1926ல அமெரிக்கா போனார். அடுத்த வருஷமே ஒரு உடற்பயிற்சிக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அதனால ரிஃபார்மர் ஏதோ கொரோனாவுக்கு அப்புறம் வந்த டிரெண்டுன்னு நினைக்காதீங்க, அதுக்கு நூறு வயசு ஆகப் போகுது. நியூயார்க்ல எட்டாவது அவென்யூவுல அவரும் கிளாராவும் சேர்ந்து ஸ்டுடியோ நடத்தினாங்க. பக்கத்துலயே நடனப் பள்ளிகள். மார்த்தா கிரஹாம், ஜார்ஜ் பாலன்சின் மாதிரி பெரிய நடனக் கலைஞர்கள் இவரைத் தேடி வந்தாங்க. அடிபட்ட டான்ஸர்கள் தேறுறதுக்காக வந்தாங்க. அதைப் பார்த்துட்டுத்தான், வளையுற உடம்பு இருந்தாத்தான் பிலாட்டீஸ் செய்ய முடியும்னு ஊரே தலைகீழாப் புரிஞ்சுக்கிச்சு.

இன்னொண்ணு. அவர் இந்த முறைக்குத் தன் பேரை வைக்கல. கான்ட்ராலஜின்னுதான் சொன்னார். உடம்பை மனசு கட்டுப்படுத்துறதுன்னு அர்த்தம். 1945ல வந்த புத்தகத்துல இருக்கற 34 பயிற்சிக்கும் தரையில ஒரு விரிப்பு போதும். மெஷின் இல்லாம பிலாட்டீஸ் இல்லைங்கறது அவரே ஒத்துக்காத விஷயம்.

1967ல, 83 வயசுல நியூயார்க்லயே இறந்தார். மூச்சைப் பத்தி அவ்வளவு பேசினவருக்கு சுருட்டுப் பழக்கம் இருந்துச்சு. மனுஷன்தானே. அவருக்கு அப்புறம் அந்தப் பேருக்கு உரிமை கொண்டாடி ஒரு வழக்கு நடந்துச்சு. யோகா, கராத்தே மாதிரி இதுவும் ஒரு பொதுப்பெயர்தான்னு 2000ல அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அதனால யார் வேணும்னாலும் பிலாட்டீஸ்னு போர்டு மாட்டலாம். போர்டைப் பார்த்துப் பணம் கட்டாதீங்க. சொல்லித் தர்றவர் எங்க படிச்சார், உங்க பழைய அடி, ஆபரேஷனைப் பத்திக் கேட்டாராங்கறதைப் பாருங்க.

இனி நம்ம டிபார்ட்மெண்ட் விஷயம். முதல் செமஸ்டர்ல படிச்ச ஹூக் விதிதான். ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கறோமோ அவ்வளவு விசை கூடும். அப்ப ஸ்பிரிங் அதிகம் மாட்டினா கஷ்டம், குறைச்சா சுலபம்னுதானே தோணும்? காலால தள்ளுற பயிற்சிக்கு அது சரி. ஆனா பலகை மேல பிளாங்க் போட்டுப் பாருங்க. ஸ்பிரிங் குறைஞ்சா பலகை வழுக்கிட்டு ஓடும். அதைப் பிடிச்சு நிறுத்த வேண்டியது உங்க வயித்துத் தசை. அங்க லேசான ஸ்பிரிங்தான் கஷ்டம். மெஷினே எல்லாத்தையும் செஞ்சிடும்னு நினைக்கறவங்க அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுக்குவாங்க.

தசை நீளமாகும்னு விளம்பரம் வந்தா நம்பாதீங்க. தசை எலும்புல எங்க ஒட்டியிருக்கோ அதுதான் அதோட நீளத்தைத் தீர்மானிக்குது. வலுவும் வளையும் தன்மையும் கூடும், அவ்வளவுதான். இதை மட்டும் செஞ்சு எடை சரசரன்னு இறங்கும்னும் எதிர்பார்க்காதீங்க. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமா நடக்கற மாதிரியான உழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த நடையை நீங்க தனியா நடந்துதான் ஆகணும்.

இடுப்பு வலிக்கு? 2015ல காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச்சு. ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு பிலாட்டீஸ் மேல். ஆனா மத்த உடற்பயிற்சிகளை விட இதுதான் சிறந்ததுன்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்ல. எனக்கு இந்த வரிதான் முக்கியமாப் பட்டுச்சு. ஏன்னா அம்மாச்சிக்கு ரிஃபார்மர் கிளாஸ் பீஸ் கட்ட எங்களால முடியாது. கட்ட முடியலையேன்னு வருத்தப்படவும் தேவையில்ல.

அவங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கிட்டே இடுப்பை மெதுவா தூக்கி இறக்கணும். பிலாட்டீஸ் வகுப்புகள்லயும் இதே அசைவு உண்டு. பிலாட்டீஸ் வாழ்க்கைக் கதையைச் சொல்ற வரைக்கும் அம்மாச்சி அதைச் சரியா செய்யல. வசதியானவங்க செய்யறதுன்னு ஒரு கூச்சம். முள்வேலிக்குள்ள கிடந்தவங்க செஞ்சதுன்னு சொன்னதும் கேட்டுக்கிட்டாங்க. இப்ப தினமும் காலையில கோரைப்பாயை விரிச்சிடறாங்க. வலி முழுசாப் போகல. ஆனா போன வாரம் போன்ல பேசினப்ப, கீழ உட்கார்ந்து எந்திரிக்கக் கை ஊன வேண்டியதில்லன்னு சொன்னாங்க.

நாலு வருஷமா லேப்டாப் முன்னாடி கூன் போட்டு உட்கார்ந்திருக்கற நமக்கும் ஹாஸ்டல்ல ஒரு பாய் இருக்கு. வலி ஏற்கெனவே இருந்தா முதல்ல பிசியோதெரபிஸ்டைப் பாருங்க. இல்லைன்னா இன்னைக்கே விரிங்க.