தூக்கணாங்குருவியின் ரகசியம் கண்ட சலீம் அலி

சித்தூர், கங்காதர நெல்லூர் வட்டாரத்தில் கிணற்றோர ஈச்ச மரங்களிலும் பனைகளிலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. தெலுங்கில் இதைக் கிஜிகாடு என்பார்கள். இந்தக் குருவியின் குடும்ப ரகசியத்தை விளங்க வைத்தவர், வேலை போய் ஒரு கிராமத்தில் குடியிருந்த மனிதர். அவர்தான் பறவை அறிஞர் சலீம் அலி.

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்த சலீம் அலி, சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் சுட்ட ஒரு குருவியின் தொண்டை மஞ்சளாக இருந்தது. அது என்ன குருவி என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். செயலாளர் மில்லார்ட் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். அன்று பிடித்த ஆசை கடைசி வரை விடவில்லை.

பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்த்தார், அது கைகூடவில்லை. பம்பாயில் வணிகச் சட்டமும் கணக்கும் படித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசின் பறவை ஆய்வாளர் பதவி கிடைக்கவில்லை. 1926-ல் அன்றைய வேல்ஸ் இளவரசர் மியூசியத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. பிறகு விடுப்பில் பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்றார். 1930-ல் திரும்பி வந்தால், நிதி இல்லையென்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அந்த மழைக்காலத்தில் அவற்றைப் பொறுமையாகக் கவனித்துக் குறிப்பெடுத்தார்.

கூடு கட்டுவது ஆண் குருவி. பாதி கட்டியதும் நிறுத்திவிடும். பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கும். ஒன்று மனம் ஒப்பி ஏற்றுக்கொண்ட பிறகே ஆண் மீதிக் கூட்டையும் நுழைவுக் குழாயையும் முடிக்கும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைக் கட்டி அடுத்த துணையை அழைக்கும். 1931-ல் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான இந்தக் கட்டுரை அவருக்குப் பெரும் பெயர் தந்தது.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது. 1976-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1987 ஜூன் 20-ல் காலமானார். கோவையில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கூடு கட்டும் பருவத்தில் ஆணின் உச்சந்தலையும் மார்பும் மஞ்சளாக, முகம் கருத்திருக்கும். மற்ற மாதங்களில் இரண்டும் ஊர்க்குருவிப் பெட்டையைப் போலவே இருப்பதால் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை. குழாய் இல்லாமல் தொப்பி போல் ஒரு கூடு தொங்கினால், அதை இன்னும் எந்தப் பெண் குருவியும் ஏற்கவில்லை என்று அறியலாம்.