கூடு கட்டுவது அம்மாவா, அப்பாவா?

விருதுநகர், சிவகாசி பக்கம் பஸ்ஸில் போகும்போது பனைமரங்களைக் கவனியுங்கள் குட்டீஸ். ஓலை நுனியில் சுரைக்குடுவை மாதிரி கூடுகள் தொங்கினால், அது தூக்கணாங்குருவியின் வீடு. அந்த வீட்டைக் கட்டுவது யார்? இதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக் காத்துக் கிடந்தார் ஒருவர். அவர்தான் சலீம் அலி!

1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தார். தாய்மாமாதான் வளர்த்தார். ஒருநாள் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார் சிறுவன் சலீம். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு! என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து திறந்து காட்டினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது பறவைப் பைத்தியம்.

1929-ல் ஜெர்மனி போய் பறவையியல் படித்தார். 1930-ல் திரும்பி வந்தால், மியூசியத்தில் அவர் பார்த்த வேலையே இல்லை! கையில் காசில்லாமல், மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலை போனதும் ஒருவகையில் நல்லதாயிற்று. மணிக்கணக்கில் அவற்றையே பார்த்தார்.

மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆணின் தலையும் மார்பும் பளிச்சென்று மஞ்சளாகும். நெல் இலையிலும் பனையோலையிலும் நார் கிழித்து வந்து பின்னுவது ஆண்தான். ஆனால், முழுசாகக் கட்டாது. பாதிக் கூட்டில் தொங்கியபடி சிறகடித்துக் கத்தும். பெண் பறவைகள் வந்து, உள்ளே நுழைந்து சோதிக்கும். பிடித்தால் குடியேறும். பிடிக்காவிட்டால் அடுத்த கூடு பார்க்கப் போய்விடும்.

பெண் சம்மதித்த பிறகே, குழாய் மாதிரி வாசலைக் கட்டி முடிக்கும் ஆண். பெண் உள்ளே முட்டையிட்டு அடைகாக்கும். அப்பா என்ன செய்வார்? பக்கத்திலேயே அடுத்த கூட்டை ஆரம்பித்து, வேறொரு பெண்ணை அழைப்பார்! இதை சலீம் அலி கட்டுரையாக எழுத, 1931-ல் கழகத்தின் இதழில் வந்தது. (அண்டார்டிகாவின் எம்பரர் பென்குயின் நேர் எதிர். முட்டையைக் காலில் வைத்து இரண்டு மாதம் பட்டினியாக அடைகாப்பது அப்பாதான்.)

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகம், 1976-ல் பத்ம விபூஷண் என்று பெரிய மனிதரானார். 1987 ஜூன் 20-ல் இறந்தார். கோவை அருகே ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

கூட்டுக்குள் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்று பாட்டி சொல்லியிருப்பாரே? மின்மினி வெறும் கதை. உள்ளே ஒட்டியிருக்கும் களிமண் நிஜம். காற்றடித்த மறுநாள் பனையடியில் விழுந்து கிடக்கும் கூட்டைப் பாருங்கள். வாசல் குழாய் இல்லாத அரைகுறைக் கூடா? அநேகமாக, எந்தப் பெண் குருவிக்கும் பிடிக்காத வீடு அது!