விரல் நுனியில் எழுத்தைத் தந்த லூயி பிரெயில்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

பாரிசு மாநகருக்குக் கிழக்கே கூவ்ரே என்றொரு சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்து வந்த சிமோன் ரெனே பிரெயில் என்பவருக்கு 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் கடைக்குட்டியாகப் பிறந்தார் லூயி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோலைத் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்பிடித்து மறு கண்ணுக்கும் பரவியது. கிருமிகளைப் பற்றி மருத்துவம் அறியாத காலம் அது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் இருண்டுவிட்டன.

ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து, காதால் கேட்டே பாடம் படித்தார். 1819இல், பத்து வயதில், உதவித்தொகை பெற்றுப் பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர்க்கான அரசப் பள்ளியில் சேர்ந்தார். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நம்மில் பலருக்கு அந்த உதவித்தொகையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பள்ளியை நிறுவிய வாலந்தேன் ஆய் என்பவர், அச்செழுத்துகளையே தாளில் மேடாக எழும்பச் செய்து நூல்கள் ஆக்கியிருந்தார். நல்ல எண்ணந்தான். ஆனால் கண்ணுக்கென்று வளைத்த எழுத்து விரலுக்கு எளிதில் பிடிபடவில்லை. ஒவ்வொரு நூலும் பெருஞ்சுமை. அம்முறையில் பிள்ளைகள் தாமாக எதையும் எழுதவும் முடியாது.

1821இல் பீரங்கிப் படையில் பணியாற்றிய சார்ல் பார்பியே என்பவரின் புள்ளி முறை அப்பள்ளிக்கு வந்தது. பிரெஞ்சு மொழியின் ஒலிகளை அவர் ஆறு வரிசை, ஆறு நிரை கொண்ட கட்டத்தில் அடுக்கினார். எந்த வரிசை என்பதை இடப்பக்கப் புள்ளிகளும், எந்த நிரை என்பதை வலப்பக்கப் புள்ளிகளும் காட்டும். ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை போகும். விரல் ஒரே தொடுதலில் அதைப் பிடிக்க முடியாது. ஒலியை மட்டும் குறித்ததால் எழுத்துக்கூட்டலும் நிறுத்தக் குறிகளும் அதில் இல்லை.

பன்னிரண்டு வயதுச் சிறுவர் லூயி அக்குறைகளைக் கண்டுகொண்டார். மூன்றாண்டுகள் தாளும் ஊசியுமாக முயன்று, 1824இல் பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. இனி வருவது நம் வகுப்புக் கணக்கு, நண்பர்களே! ஒவ்வோர் இடத்திலும் புள்ளி இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம். ஆகவே 2இன் ஆறாம் அடுக்கு 64. ஒன்றுமில்லாத வெற்றிடத்தைக் கழித்தால் 63 வடிவங்கள். கணிப்பொறி சுழியும் ஒன்றுமாக எழுத்தைப் பொதிந்து வைப்பதும் இதே கணக்கில்தான். முதல் பத்து எழுத்துகளுக்கு மேல் நான்கு புள்ளிகளே போதும். அவற்றோடு அடியில் இடப்புள்ளி ஒன்றைக் கூட்டினால் அடுத்த பத்து. அடியிலுள்ள இரண்டையும் கூட்டினால் அதற்கடுத்தவை. பிரெஞ்சுக்கு அன்று தேவைப்படாத ‘டபிள்யூ’ மட்டும் பின்னர் வந்து சேர்ந்ததால் வரிசை தப்பி நிற்கிறது.

எழுதும் கருவியும் ஏறக்குறைய ஒரு குத்தூசிதான்! தாளின் பின்புறம் வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும்.

1829இல் இம்முறையை நூலாக வெளியிட்டார் பிரெயில். தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். பாரிசின் மாதா கோயில்களில் ஆர்கன் வாசித்தார்.

என் தாயாருக்கு எழுத்து தெரியாது. கைப்பேசிக்கு வரும் செய்தியை, நான் ஊரில் இல்லாதபோது எதிர்வீட்டார்தான் படித்துச் சொல்கிறார்கள். நல்லவர்கள்தாம், ஆயினும் எங்கள் வீட்டுக் கடன்பாக்கி எவ்வளவு என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. பார்வையற்றோர் நிலையும் அன்று அதுவே. கடிதம் எழுத ஒருவர், படிக்க ஒருவர். இடையிலே ஒளிவுமறைவு ஏது? ஆறு புள்ளி வந்தபின் இரு நண்பர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதை வேறெவரும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பார்வையுள்ள பெற்றோர்க்கும் தாமே எழுத வேண்டுமென்று, அச்செழுத்தின் வடிவையே புள்ளிகளால் அமைக்கும் மற்றொரு முறையை 1839இல் வெளியிட்டார் பிரெயில். அதற்கொரு பொறியைப் பார்வையற்ற இசைஞர் பியேர் ஃபூக்கோ 1841இல் செய்து கொடுத்தார்.

ஆனால் 1840இல் பள்ளித் தலைமைக்கு வந்த துஃபோ, புள்ளியெழுத்தை ஒதுக்கி வைத்தார். பார்வையுள்ளோர் படிக்கக்கூடிய எழுத்தையே பார்வையற்றோரும் படிக்கவேண்டும் என்பது அவர் தரப்பினரின் வாதம். மாணவர்களோ மறைவாக எழுதிக்கொண்டே இருந்தனர். துஃபோவின் உதவியாளர் குவாதே உண்மை உணர்ந்து பரிந்து பேசியபின் நிலைமை மாறிற்று. 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் பலரறிய இம்முறை செய்து காட்டப்பட்டது.

அதற்குள் காசநோய் பிரெயிலைப் பற்றியிருந்தது. 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், 43ஆம் பிறந்த நாள் கழிந்த இரண்டாம் நாள், இறந்தார். பள்ளி அவருடைய எழுத்தை முறைப்படி ஏற்றது 1854இல். அதைக் காண அவர் இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1952இல் அவருடைய எலும்புகள் பாரிசில் பெரியோர் துயிலும் பந்தியோனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கைகளை மட்டும் கூவ்ரே மக்கள் தம் ஊரிலேயே வைத்துக்கொண்டனர்.

இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெயில் 1951இல் உருவாயிற்று. நம் ‘அ’வுக்கும் ஆங்கில ‘ஏ’க்கும் அதே ஒற்றைப் புள்ளி. ‘கெ’ என எழுத, அச்சில் முன்னே நிற்கும் கொம்பு இதில் ‘க’வுக்குப் பின்னே வரும். இதை எனக்குக் காட்டியவர் நம் கல்லூரியில் வரலாறு பயிலும் பார்வையற்ற நண்பர். தடித்த தாளில் என் பெயரைக் குத்திக் கொடுத்தார். புள்ளிகளைக் கண்ணால் எண்ணிப் படித்துவிட்டேன். விரலால் படிக்க இன்னும் வரவில்லை.