பறவை மனிதர் சலீம் அலி

கிட்டிப்புள், கோலி, கிரிக்கெட் என்று நீங்கள் எத்தனையோ பந்தயம் வைத்து விளையாடுவீர்கள். பெரியவர்களில் சிலரும் ஒரு வேடிக்கையான பந்தயம் வைத்துக்கொள்கிறார்கள். அது என்ன தெரியுமா? பறவைகளைப் படம் பிடிக்கும் பந்தயம்!

இந்த வாரம் மீன் பிடிக்கும் பறவை, அடுத்த வாரம் சிறகு விரித்துப் பறக்கும் பறவை என்று தங்களுக்குள் ஒரு தலைப்பு வைத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் எழுந்து, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கும் வயல்வெளிக்கும் கிளம்பிவிடுவார்கள். எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வார்கள். பரிசுப் பணம் கிடையாது. கோப்பை கிடையாது. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒன்றாக டீ குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

இவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரு பெயரை மரியாதையோடு சொல்வார்கள். அதுதான் சலீம் அலி. இந்தியாவின் பறவை மனிதர் என்று அழைக்கப்பட்டவர். ஆனால் சிறு வயதில் அவர் கையில் இருந்தது கேமரா அல்ல, துப்பாக்கி! குருவிகளைச் சுட்டு வீழ்த்திய சிறுவன் எப்படிப் பறவைகளின் காவலர் ஆனார்? அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். அப்போது அந்த ஊருக்குப் பம்பாய் என்று பெயர். வீட்டில் இவர்தான் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும் அந்தக் குழந்தைகளை அன்போடு வளர்த்தார்கள். மாமா வேட்டையில் பிரியமுள்ளவர். மருமகனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு சலீம் குருவிகளைக் குறிபார்த்துச் சுடுவார். சுட்டதைச் சமைத்துச் சாப்பிடுவதும் உண்டு.

பத்துப் பன்னிரண்டு வயதில் ஒருநாள் அவர் சுட்ட குருவி ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தார். வழக்கமான சிட்டுக்குருவி போலத்தான் இருந்தது. ஆனால் தொண்டையில் மட்டும் மஞ்சள் திட்டு! இது என்ன குருவி? மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. தெரியாது, போய் விளையாடு என்று அவர் விரட்டிவிடவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கழகம் 1883ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அதன் கௌரவச் செயலாளராக இருந்தவர் மில்லர்ட் என்ற ஆங்கிலேயர். பெரிய மனிதர், வெள்ளைக்காரர் வேறு. சிறுவன் பயந்துகொண்டேதான் உள்ளே போனான். ஆனால் மில்லர்ட் அன்பாக வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பிறகு பெட்டி பெட்டியாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். இத்தனை வகைப் பறவைகளா! சலீமின் கண்கள் அகல விரிந்தன. படிக்கப் புத்தகங்களும் கிடைத்தன. பறவைகளைப் பாடம் செய்யவும் அங்கே கற்றுக்கொண்டார்.

பார்த்தீர்களா? குருவியைச் சுட்டவர்கள் அந்தக் காலத்தில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். இது என்ன குருவி என்று கேட்டவர்தான் சலீம் அலி ஆனார்!

சரி, படிப்பில் அவர் புலியா? அதுதான் இல்லை. கணக்கு என்றால் அவருக்கு வேப்பங்காய். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, குடும்பத்தாரின் தொழிலைக் கவனிக்க பர்மாவுக்குப் போனார். அங்கே கணக்குப் புத்தகத்தைப் பார்த்த நேரத்தைவிடக் காட்டில் பறவை பார்த்த நேரமே அதிகம். ஊர் திரும்பி விலங்கியல் படித்தார். 1918இல் தெஹ்மினா என்ற பெண்மணியை மணந்தார்.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. பார்க்க வருபவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை. இது போதாது, முறையாகக் கற்க வேண்டும் என்று ஜெர்மனியின் பெர்லின் நகருக்குப் போனார். ஸ்ட்ரெசமான் என்ற புகழ்பெற்ற பறவை அறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930இல் ஆசையோடு திரும்பி வந்தால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள்! பட்டமும் இல்லாததால் வேறு வேலையும் எளிதில் கிடைக்கவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சலீம் அலி சோர்ந்து படுத்துவிடவில்லை. கிஹிம் என்ற கடலோரச் சிற்றூருக்கு மனைவியுடன் குடிபோனார். வீட்டுப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மறைவாக உட்கார்ந்து நாள்கணக்கில் அவற்றைக் கவனித்தார். பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார்.

என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? ஆண் குருவிதான் கூடு பின்னும். பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும்! பெண் குருவி சம்மதித்த பிறகுதான் ஆண் குருவி மீதிக் கூட்டை முடித்து, நீண்ட வாசலை வைக்கும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைப் பின்னப் போய்விடும். நம் ஊர்ப் பனைமரங்களிலும் இந்தக் கூடுகள் தொங்குகின்றன. நம்மில் எத்தனை பேர் பத்து நிமிடம் நின்று பார்த்திருக்கிறோம்?

அதன் பிறகு சலீம் அலி ஓய்ந்து உட்காரவே இல்லை. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று ஒவ்வொரு சமஸ்தானமாகச் சென்று அங்குள்ள பறவைகளைக் கணக்கெடுத்தார். காட்டிலும் மேட்டிலும் அவருடன் துணையாக நடந்தவர் தெஹ்மினா. 1939இல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் இறந்துபோனார். சலீம் அலி மனம் உடைந்துபோனார். அக்கா வீட்டில் தங்கி, துயரத்தை வேலையில் மறந்தார். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றி வண்ணப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். மாமாவுக்கும் பதில் தெரியாமல் போன அந்தக் கேள்விக்கு, இனி எந்த வீட்டிலும் புத்தகத்தைத் திறந்து பதில் தேடலாம்!

இந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஓர் அருமையான நண்பர் கிடைத்தார். பெயர் லோக் வான் தோ. மலேயாவில் பிறந்தவர், சிங்கப்பூரில் பல சினிமா தியேட்டர்களின் முதலாளி. 1942இல் போருக்குத் தப்பி அவர் ஏறிய கப்பலின் மேல் குண்டு விழுந்தது. உடம்பெல்லாம் தீக்காயம். சில நாள் கண் பார்வையே இல்லை. பிழைத்து இந்தியா வந்தவர், சலீம் அலியைச் சந்தித்தார். பார்வையை இழந்து மீண்டும் பெற்ற அந்த மனிதர், பறவைகளைப் படம் பிடிப்பதில் பெரிய நிபுணர் ஆனார்! ஒரு படத்துக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார். சலீம் அலியின் ஆராய்ச்சிப் பயணங்களுக்குப் பண உதவியும் செய்தார். ஒருவர் கையில் கேமரா, ஒருவர் கையில் குறிப்பு நோட்டு. 1964இல் லோக் விமான விபத்தில் இறக்கும்வரை அந்த நட்பு தொடர்ந்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆராய்ச்சிக்காகச் சலீம் அலியும் பறவைகளைச் சுட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு பறவை என்ன வகை என்று உறுதியாகச் சொல்ல அதுவே வழி. பைனாகுலரும் கேமராவும் பெருகிய பிறகு அந்தத் தேவை குறைந்துவிட்டது. முன்பு துப்பாக்கி செய்த வேலையை இன்று ஒரு நல்ல படம் செய்துவிடும். பறவையும் பிழைத்துப் பறந்துபோகும்!

இனி நம் பக்கத்துக்கு வருவோம். திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறி, வேதாரண்யம் வழியாகப் போனால் கோடியக்கரை. 1962இல் சலீம் அலி அந்த இடத்தின் அருமையைக் கண்டு எடுத்துச் சொன்னார். 1967இல் கோடியக்கரை சரணாலயம் ஆனது. மழைக்காலம் தொடங்கும்போது அங்கே வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். அவர்களில் ஒருவர் கொசு உள்ளான். எலுமிச்சம்பழத்தைவிட லேசான பறவை. வட துருவத்தை ஒட்டிய சைபீரியாவிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் கடற்கரைக்கு வருகிறது!

எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? பறவையை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த ஒரு சிறு வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். அதே பறவை வேறொரு நாட்டில் கிடைத்தால் எண்ணைப் பார்த்துத் தகவல் அனுப்புவார்கள். 1959 முதல் சலீம் அலியின் தலைமையில் இந்த வேலை பெரிய அளவில் நடந்தது. இதற்காக, பீகாரில் பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றுவந்த மிர்ஷிகார் என்ற மக்களை அழைத்துக்கொண்டார்கள். விற்பதற்காகப் பிடித்த அதே கைகள், வளையம் மாட்டிப் பறக்கவிடுவதற்காகப் பிடித்தன. எவ்வளவு அழகான மாற்றம்!

சலீம் அலியும் அமெரிக்கரான டில்லன் ரிப்ளியும் சேர்ந்து, இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளைப் பற்றி 10 தொகுதிகள் எழுதினார்கள். அவை 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. இந்திய அரசு அவருக்கு 1958இல் பத்மபூஷண் விருதும், 1976இல் பத்மவிபூஷண் விருதும் வழங்கியது. வெளிநாட்டு விருதாகக் கிடைத்த 50,000 டாலரை இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். கணக்கைக் கண்டு ஓடிய அந்தச் சிறுவன், 1987இல் தம் 90ஆவது வயதில் மறைந்தார். கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் அவர் பெயரில் ஒரு பறவை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

குழந்தைகளே! இப்போது நம் வயல்களைப் பாருங்கள். டிராக்டர் உழும்போது பின்னாலேயே கொக்கும் மடையானும் நடந்து பூச்சி பிடிக்கின்றன. நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளைத் தின்கிறது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் ஆண்டுதோறும் பறவைகள் கூடு கட்டுகின்றன. அந்த ஏரிக்கு 2022இல் ராம்சர் என்னும் உலக அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் அதே கொக்கையும் மடையானையும் கண்ணி வைத்துப் பிடித்து, இறைச்சிக்கு விற்பவர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வாங்க ஆள் இருந்தால்தானே விற்பார்கள்? வேண்டாம் என்று உங்கள் வீட்டில் நீங்கள் சொல்லலாமே!

நீங்களும் ஒரு பந்தயம் வையுங்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்து எண்ணினால் போதும். சலீம் அலி பிறந்த நவம்பர் 12 அன்றும் நண்பர்களோடு இதைச் செய்யலாம். விதிகள் நான்கே:

1. கூட்டின் அருகில் போகக்கூடாது. ஆள் நடமாட்டம் கண்டால் தாய்ப்பறவை முட்டையை விட்டுப் பறந்துவிடும். வெயிலில் முட்டை கெட்டுவிடும். பல படப் போட்டிகளில் கூட்டுப் படங்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை.

2. பறக்கும் படம் வேண்டும் என்று கல் எறியவோ கை தட்டவோ கூடாது.

3. பெரியவர் ஒருவர் துணையோடு போங்கள். ஆறு, குளம், வாய்க்கால் பக்கம் தனியே போகாதீர்கள்.

4. கேமரா இல்லையே என்று வருந்தாதீர்கள். நோட்டும் பென்சிலும் போதும். நிறம், அலகு, வால், சத்தம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள்.

பெயர் தெரியாத பறவை வந்தால் என்ன செய்வது? அன்று சலீம் செய்ததையே செய்யுங்கள். தாத்தாவிடம் கேளுங்கள், ஆசிரியரிடம் கேளுங்கள், நூலகத்தில் தேடுங்கள். நீங்கள் எண்ணி முடித்த பிறகும் எல்லாப் பறவைகளும் அங்கேயே நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கின்றனவா? அப்படியானால் பந்தயத்தில் ஜெயித்தது நீங்கள் எல்லோரும்தான்!