பிரித்துப் பார்த்த மனிதர் ஜி.டி.நாயுடு



பழனி முருகனைக் கும்பிட்டுவிட்டு மாமாவின் காரில் திண்டுக்கல் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல். டக்! முன் கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு பள்ளம், அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கோடுகள். கண்ணாடியையே மாத்தணும் என்று மாமா புலம்ப ஆரம்பித்துவிட்டார். மெக்கானிகல் படிக்கிற மருமகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! சுருக்கென்றது. அப்போதுதான் இதே பழனிக்கு அந்தக் காலத்தில் பஸ் ஓட்டிய ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவராக இருந்தால் மாற்றுவதற்கு முன்னால், எப்படி உடைஞ்சிருக்கு என்று குனிந்து பார்த்திருப்பார்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் தேதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மாடு இழுக்காமல், மனுஷன் மிதிக்காமல் ஓடுகிற வண்டி! வாலிபன் துரைசாமிக்கு அன்றிலிருந்து தூக்கமே போச்சு. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். பைசா பைசாவாகச் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்தாரா? இல்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டார். எது எதோடு சேருகிறது, எது எதைச் சுழற்றுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் பூட்டினார். அதுதான் அவருக்கு டிப்ளமோ! மெக்கானிக் ஆனது அதற்கப்புறம்.

எல்லாம் ஜெயமாகவே நடந்துவிடவில்லை. நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, பம்பாய் வரை போய், கையிலிருந்ததை இழந்துவிட்டு ஊர் திரும்பினார். அதோடு முடங்கிப் போயிருந்தால் இன்று இந்தக் கட்டுரை இல்லை.

1920-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரத் தொழிலதிபரின் உதவியோடு ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு அவரே டிரைவராக உட்கார்ந்து ஓட்டினார். திண்டுக்கல் - பொள்ளாச்சி ரயில் பாதை 1928-ல்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதுவரை பழனிக்குப் போகிறவர்களுக்கு மாட்டு வண்டி, இல்லையென்றால் சொந்தக் கால்! அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்து, 1930-களில் இருநூறு பஸ்களையும் தாண்டியது.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார். பேட்டரியில் ஓடும் ரசாந்த் சவர இயந்திரம், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று பட்டியல் நீளும். 1952-ல் இரண்டு பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். தயாரிக்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. நம் அப்பா, தாத்தா வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டிய கார், அது!

நமக்கு மிக நெருக்கமான விஷயம் இனிமேல்தான். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கியதில் நாயுடுவுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றாம் வகுப்பு படித்தவர் அங்கே முதல்வர்! நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷத்தில் கற்றுத் தரலாம் என்றார். வெள்ளைக்கார அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். இரண்டு வருஷம் போதுமா, போதாதா என்று நாம் வாதாடலாம். ஆனால் கல்யாண வீட்டில்கூட, டிப்ளமோதானா என்று இழுக்கிறார்களே, அவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே பதில்.

மாமாவின் கார் கதை என்னாச்சு? நானும் குனிந்து பார்த்தேன். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். கல் பட்டது வெளிக் கண்ணாடியில் மட்டும். பள்ளத்துக்குள் காற்று புகுந்திருப்பதால்தான் பளிச்சென்று தெரிகிறது. கடையில் விற்கிற ரெசின் செட்டை வாங்கினேன். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி சூடு தணிந்ததும், பள்ளத்தில் இருந்த தூசியை ஊசி முனையால் எடுத்தேன். தண்ணீர் விடக்கூடாது. சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி, ரெசினை உள்ளே தள்ளி, மேலே தாளை ஒட்டி, வண்டியை வெயிலுக்கு நகர்த்தினேன். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டால் ரெசின் கெட்டியாகிவிடும். மிச்சத்தை பிளேடால் சுரண்டினால் முடிந்தது. லேசான தழும்பு தெரியத்தான் செய்கிறது. ஆனால் கோடு பிறகு ஓடவில்லை.

எங்கே கை வைக்கக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். கோடு நீளமாக ஓடியிருந்தாலோ, ஓரத்தைத் தொட்டிருந்தாலோ, உள் கண்ணாடி வரை உடைந்திருந்தாலோ, டிரைவரின் நேர்ப் பார்வையில் இருந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், ஒர்க் ஷாப்புக்கு விடுங்கள். பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வேறு ரகம். உடைந்தால் பொடிப்பொடியாகிவிடும், ஒட்ட முடியாது.

நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தார். அவர் செய்தவற்றைக் கோவை அவினாசி ரோட்டில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அவசியம் போய்ப் பாருங்கள். நண்பர்களே, கையில் கிரீஸ் பட்டால் சோப்பு போட்டால் போய்விடும். தொடப் பயப்படுகிற பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகாது. மாமா இப்போதெல்லாம் வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்!

— இறுதியாண்டு, மெக்கானிகல்