தொழிலாளிக்கு அரணான தமிழ்

யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞான ஆசிரியராகவும் விளங்கியவர் என்பதைப் பலர் நினைவுகூர்வதில்லை. மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், கொழும்பில் விஞ்ஞானம் பயின்று, அங்கேயே இரசாயனம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1924இல் துறவு பூண்டார். 1929இல் வாவிக்கரையை அடுத்த கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியால் எழுந்தது. 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1947இல் மறைந்தார்.

தொழிற்பாதுகாப்புக்கென அவர் தனி இயக்கம் நடத்தினாரல்லர். ஆயினும், அமிலமும் மின்சாரமும் கையாளும் தொழிலாளி, அவற்றின் இயல்பைத் தன் மொழியில் அறியாவிடின் விபத்தை எங்ஙனம் தவிர்ப்பான்? புரியாத மொழியில் தொங்கும் எச்சரிக்கைப் பலகை வெறும் மரமே. அதனைப் பேசவைக்கும் சொற்களுக்காகவும் அடிகள் உழைத்தார். அச்சொற்களைத் தொழிற்கூடத்தின் வாயில்வரை கொண்டுசெல்வது ஆசிரியர்களாகிய நம் கடன்.